ஒலிம்பஸ் டிரிப் 35: பென்சில் கோடு போட்டதால் வந்த வினை

போன வாரம் லேபிலிருந்து வந்த ஸ்கேன்களில், டோக்கியோவின் தமா ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் முஸாஷி-கொசுகி அடுக்குமாடிகளின் பால்கனிகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தது. படம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. சாம்பல் வானம், நாலு கட்டடம், ஓரத்தில் என் கட்டைவிரல். ஆனால் டிரிப் 35 என்ற பழைய ஒலிம்பஸ் ஃபிலிம் கேமராவைச் சரிசெய்து, இப்படி ஒரு தெளிவான படத்துக்காகத்தான் ஐந்து மாதமாகக் காத்திருந்தேன். கேமராவில் கோளாறு என்னவோ ஒன்றுதான். மற்றதெல்லாம் நானே சேர்த்துவிட்டவை.

டோக்கியோவில் பழைய பொருள் விற்கும் கடைகளில் ஒரு மூலையில் நீல நிறக் கூடைகள் இருக்கும். மேலே 'ஜன்கு' என்று எழுதியிருப்பார்கள், ஜங்க் என்பதைத்தான். வாங்கினால் உன் பாடு, திருப்பிக் கொடுக்கக் கூடாது. அப்படி ஒரு கூடையில் 2,200 யென்னுக்குக் கிடந்தது இந்த டிரிப் 35. கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை ஏ (தானியங்கி) என்ற எழுத்தில் வைத்து, லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு பட்டனை அழுத்த வேண்டும். வியூஃபைண்டருக்குள் சிவப்புக் கொடி ஒன்று எழுந்து பட்டன் பூட்டிக்கொண்டால் வெளிச்சமானி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கையை எடுத்தால் கிளிக்காக வேண்டும். இரண்டும் நடந்தது. வாங்கிவிட்டேன்.

இந்தக் கேமராவுக்கு பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றி தேன்கூடு மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் செலினியம் செல், விழுகிற வெளிச்சத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து ஊசியை நகர்த்தும். ஊசி நிற்கும் இடத்தைப் பொறுத்து அப்பர்ச்சரும் (லென்ஸுக்குள் வெளிச்சம் விடும் துளை), 1/40 அல்லது 1/200 நொடி என்ற இரண்டே ஷட்டர் வேகங்களில் ஒன்றும் தானாக அமையும். 1961-ல் வந்த பென் ஈஈ என்ற அரை ஃபிரேம் கேமராவில் (ஒரு படத்துக்குரிய ஃபிலிமில் இரண்டு படம் எடுப்பது) ஒலிம்பஸ் செய்த ஏற்பாட்டின் தொடர்ச்சி இது. செல் வட்டம், சிவப்புக் கொடி எல்லாம் அதிலேயே இருந்தது. 1967-ல் அதையே முழு ஃபிரேமுக்குக் கொண்டுவந்து, ஊர் சுற்றுகிறவர்கள் எடுத்துப்போகட்டும் என்று டிரிப் என்று பெயர் வைத்தார்கள். 1984 வரை பெரிய மாற்றமில்லாமல் தயாரித்தார்கள்.

என் கேமரா எந்த வருஷத்தது என்று பார்ப்பது சுலபம். பின்கதவில் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் கறுப்புத் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்று வரும். அதன் முதுகில் மூன்று எழுத்துகள். என்னுடையதில் 'ஜே 4 ஒய்'. முதல் எழுத்து தொழிற்சாலை, நடு எண் வருஷத்தின் கடைசி இலக்கம், மூன்றாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு எக்ஸ், ஒய், ஜெட். நடுவில் 4 இருப்பதால் 1974 ஆகவும் இருக்கலாம், 1984 ஆகவும் இருக்கலாம். ஆனால் கடைசி வருஷங்களில் வந்தவற்றுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டன். இதற்கு வெள்ளி நிற உலோகப் பட்டன். ஆக 1974 நவம்பர்.

சரி, முதல் ரோல். 400 ஐஎஸ்ஓ கலர் ஃபிலிம். வீட்டுக்குள் எடுத்தவையும் சாயங்காலம் கடைத்தெருவில் எடுத்தவையும் நன்றாகவே இருந்தன. வெயிலில் எடுத்தவை எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தால் தார் போலக் கறுப்பு.

இங்கேதான் முதல் தப்பு. செல் கிழண்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். கிழட்டுச் செல் குறைவான மின்சாரம் தரும், கேமரா இருட்டு என்று நினைத்து அப்பர்ச்சரை அகலத் திறக்கும், படம் வெளுக்கும். கேட்கச் சரியாகத்தானே இருக்கிறது? செல்லுக்காகவே அதே கடைக்குப் போய் இன்னொரு செத்த டிரிப்பை 1,650 யென்னுக்கு வாங்கி வந்தேன். செல் கிழடாக இருந்தால் வெயில் படங்களை விட வீட்டுக்குள் எடுத்தவைதான் முதலில் கெட்டிருக்க வேண்டும், பாதி நேரம் சிவப்புக் கொடி எழுந்து கிளிக்கே ஆகியிருக்காது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

இரண்டாவது கேமராவைப் பிரிப்பதற்கு முன், மனசு கேட்காமல் ஒரு சோதனை செய்தேன். முதல் கேமராவில் ஃபிலிம் வேகத்தை 100-ல் வைத்து, ஃபோனில் ஒரு லைட் மீட்டர் ஆப் திறந்து, அறை விளக்கை மெல்ல மெல்லக் குறைத்தேன். எஃப் 2.8-க்கு (அகலத் திறந்த துளை, எண் கூடினால் துளை சுருங்கும்) 1/40 என்று ஆப் காட்டும் இடத்தில் கொடி எழ வேண்டும். எழுந்தது, அரை ஸ்டாப் முன்னே பின்னே (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). ஐம்பது வருஷச் செல்லுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மேல்மூடியையும் கழற்றி வெயிலில் காட்டினேன். ஊசி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தயக்கமில்லாமல் ஓடியது. செல்லுக்காகக் கொடுத்த 1,650 யென் வீண் என்று அன்றைக்கு எழுதி வைத்தேன்.

மேல்மூடி கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பான் கேமராக்களின் திருகுகளுக்குத் தலையில் கூட்டல் குறி இருந்தாலும் அது நம் ஊர் பிலிப்ஸ் இல்லை. ஜிஸ் என்கிற ஜப்பான் அளவு. ஊரிலிருந்து கொண்டுவந்த பிலிப்ஸால் முதல் திருகின் தலையை மழித்துவிட்டு, அப்புறம் 880 யென்னுக்கு இங்கேயே ஒரு செட் வாங்கினேன்.

அப்பர்ச்சர் பக்கம் புத்தி போனது அதற்குப் பிறகுதான். பின்கதவைத் திறந்து, லென்ஸுக்கு முன்னால் மேசை விளக்கை வைத்து, பின்னாலிருந்து ஃபோனில் நொடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில் வீடியோ எடுத்தேன். ஏ இல்லாத இடங்களில் வளையத்தை வைத்தால் ஷட்டர் 1/40-ல்தான் ஓடும், அதாவது வீடியோவில் 6 ஃபிரேம் வெளிச்சம் தெரிய வேண்டும். எண்ணினேன், ஆறேதான். ஷட்டர் சுத்தம். ஆனால் 2.8-ல் வைத்தாலும் 22-ல் வைத்தாலும் துளை ஒரே அளவு. டிரிப்பின் அப்பர்ச்சரில் இரண்டே இலைகள். ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து நடுவில் சாய்சதுரமாக ஒரு துளை விடும். அந்த இரண்டும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு அகலத் திறந்தபடியே நின்றுவிட்டன. வெயிலில் எஃப் 16 வேண்டிய இடத்தில் 2.8, வேகத்தையும் சேர்த்தால் ஆறு ஸ்டாப் அதிகம். வீட்டுக்குள்ளே எப்படியும் 2.8-தான் தேவை, அதனால் அந்தப் படங்கள் பிழைத்தன. டிரிப்புக்கு வரும் நோய்களிலேயே இதுதான் சர்வ சாதாரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சரி, லென்ஸைத் திறக்க வேண்டும். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி மூன்று நுண்ணிய திருகுகள், கடுகில் பாதி இருக்கும். 0.9 மில்லிமீட்டர் தட்டை முனை சரியாக உட்கார்ந்தது. முழுக்கக் கழற்ற வேண்டாம், ஒன்றரைச் சுற்று தளர்த்தினால் போதும். கழற்றினால் ஒன்று கீழே விழும், விழுந்தால் தத்தாமிப் பாயின் இடுக்கில் போய்விடும். (போனது. காந்தத்தால் எடுத்தேன்.) வளையம் விடுபட்டதும் நடுவில் முன்கண்ணாடி தன் பித்தளை மரையில் தனியாக நிற்கும். ஃபோகஸ் செய்யும்போது முன்னும் பின்னும் நகர்வது அந்தக் கண்ணாடி மட்டுமே. அதைத் திருகி எடுப்பதற்கு முன், தொலைதூரத்துக்கு அது எந்த இடத்தில் நிற்கிறது என்று அடையாளம் வைக்க வேண்டும்.

வைத்தேன். பென்சிலால்.

லென்ஸின் முகப்பில் 'டி.ஜுய்கோ' என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் 'டி' நாலாவது எழுத்து, ஆகவே நாலு கண்ணாடி. 1936-ல் இந்தக் கம்பெனி முதல் கேமராவான செமி ஒலிம்பஸைக் கொண்டுவந்தபோதே லென்ஸுக்கு ஜுய்கோ என்ற பெயர் வந்துவிட்டது. அதற்கு முன் அவர்கள் செய்தது மைக்ராஸ்கோப். 1919-ல் தகேஷி யமாஷிதா தொடங்கியபோது கம்பெனியின் பெயர் தகாச்சிஹோ. ஜப்பானியப் புராணத்தில் தேவர்கள் இருக்கும் மலை அது. வெளிநாட்டுக்கும் புரிகிற மாதிரி வேண்டும் என்று 1921-ல் கிரேக்கத் தேவர்களின் மலையை வணிகப் பெயராக்கினார்கள். மலையை மாற்றினார்களே தவிர தேவர்களை விடவில்லை.

அந்த நாலு கண்ணாடி லென்ஸ் ஒரு மலிவுக் கேமராவில் எப்படி வந்தது என்பதற்கு ஒலிம்பஸின் கேமரா வடிவமைப்பாளர் யோஷிஹிஸா மைதானியைச் சொல்ல வேண்டும். 1956-ல் வேலைக்குச் சேர்ந்தவர், 6,000 யென்னுக்கு விற்கிற மாதிரி ஒரு கேமரா செய்யப் புறப்பட்டார். பணத்தில் பெரும்பகுதியை லென்ஸில் போட்டுவிட்டு, மிச்சத்தை மற்றதற்குப் பங்கு வைத்தார். ஃபிலிம் சுற்ற நெம்புகோல் வைக்கக் காசு இல்லாததால், உடம்பின் பின்புறம் ஒரு பல் சக்கரத்தின் விளிம்பை வெளியே நீட்டி, கட்டைவிரலால் தள்ளச் செய்தார். அதுதான் 1959-ல் வந்த பென். டிரிப்பிலும் அதே கட்டைவிரல் சக்கரம்தான் இருக்கிறது. அடியில் அதன் பற்களைப் பார்த்தபோது, ஒரு துளி கிரீஸ்கூடத் தேவைப்படாத அளவுக்கு அப்படியே இருந்தன. நானும் தொடவில்லை. இந்தக் கதை முழுக்க நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

முன்கண்ணாடியை எடுத்தாயிற்று. பஞ்சுக் குச்சியில் பென்சின் தொட்டு இலைகளைத் துடைத்தேன். இங்கே மருந்துக் கடையிலேயே சட்டைக் கறை எடுக்க என்று பென்சின் விற்பார்கள், பாட்டில் 600 யென். முதல் தடவை கை தாராளமாகிவிட்டது. சொட்டுச் சொட்டாக விட்டால் பிசுக்கு கரையும், ஆனால் கரைந்தது வேறெங்கோ போய்ப் படியும். துடைத்ததும் இலைகள் வெண்ணெயாக நகர்ந்தன. ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் பார்த்தால் மறுபடி ஒட்டியிருந்தது. முன்னால் இருந்து எட்டியது மேற்புறம் மட்டும்தான், இலைகளுக்கு அந்தப் பக்கம் இருந்த எண்ணெய் மெல்ல ஊர்ந்து வந்துவிட்டது.

பின்கண்ணாடியையும் எடுக்க வேண்டும் என்றானது. அதன் வளையத்தில் எதிரெதிராக இரண்டு சிறு பள்ளங்கள். அதைத் திருகும் கருவிக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் 'கானிமே', நண்டுக்கண். இரண்டு கூர்கள் விறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். 1,980 யென். கை வழுக்கினால் கண்ணாடியில் நிரந்தரமாகக் கோடு விழும் என்பதால், நடுவில் காகிதத்தை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொண்டேன். கழன்றது. இந்தத் தடவை குச்சியைப் பென்சினில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பதினான்கு குச்சி. கடைசிக் குச்சி வெள்ளையாகவே வந்தது. இலைகளுக்கு எண்ணெய் போடவே கூடாது, காய்ந்துதான் ஓட வேண்டும். ஒரு வாரம் வெறுமனே வைத்துவிட்டுத் தினமும் வீடியோ எடுத்துப் பார்த்தேன். 22-ல் ஊசித்துளை போல ஒரு சாய்சதுரம், ஏழு நாளும்.

அப்புறம் முன்கண்ணாடியை மாட்டக் கையில் எடுத்தேன். பென்சில் கோடு இல்லை. பென்சின் பட்ட பஞ்சு அதையும் துடைத்துக்கொண்டு போயிருந்தது.

அந்த மரை ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி. ஒரே வாயில் நுழையாது, பல இடங்களில் நுழையும். ஒவ்வொரு வாயிலும் கண்ணாடி வேறு வேறு உயரத்தில் வந்து நிற்கும். தப்பான உயரத்தில் நின்றால், தொலைதூரத்தைக் குறிக்கும் மலைப் படத்தில் வளையத்தை வைத்தாலும் கேமரா பார்ப்பது பக்கத்து வீட்டுச் சுவரைத்தான். மற்றக் கேமராக்களில் இதற்கு வழி உண்டு. ஷட்டரை பி என்ற இடத்தில் வைத்துத் திறந்தே பிடித்து, ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு டிரேசிங் தாளை ஒட்டி, தூரத்துக் கட்டடம் அதில் கூர்மையாக விழும்வரை லென்ஸைத் திருப்பலாம். டிரிப்பில் பி கிடையாது. 1/40, 1/200, அவ்வளவுதான். அந்த எளிமைக்காகத்தான் இதை வாங்கினேன்.

இரண்டு வாரம் டப்பாவில் கிடந்தது. இடையில் பின்கதவின் கீல் பக்கம் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருக்கும் நுரைப் பஞ்சை மட்டும் மாற்றினேன். இங்கே அதை 'மோருட்டோ' என்பார்கள். பழையது வெயிலில் உருகிய தார் மாதிரி ஆகிவிட்டிருந்தது. மூங்கில் குச்சியால் சுரண்டி, பென்சினால் துடைத்து, 1.5 மில்லிமீட்டர் பஞ்சில் ஒரு கீற்று வெட்டி ஒட்டினேன். அரை மணி வேலை. நகத்துக்குள் போன கறுப்பு நாலு நாள் இருந்தது.

செல்லுக்காக வாங்கிய இரண்டாவது டிரிப் மேசை ஓரத்தில்தான் இருந்தது. அதை நான் இன்னும் திறக்கவே இல்லை. திறக்காத கேமரா என்றால் தொழிற்சாலையில் வைத்த ஃபோகஸ் அப்படியே இருக்கும்! இது உறைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வீண் என்று எழுதியதை அடித்தேன். அதை மலைப் படத்தில் வைத்து, பெயர் பொறித்த வளையத்திலிருந்து முன்கண்ணாடியின் விளிம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பிளாஸ்டிக் முனை வைத்த வெர்னியரால் அளந்தேன். ஐந்து தடவை அளந்து சராசரி எடுத்தால் 1.6 மில்லிமீட்டர். என்னுடையதில் முதல் வாயில் மாட்டிப் பார்த்தால் 2.1, அடுத்த வாயில் 1.7. இரண்டாவதுதான் சரியான வாய். மிச்சத்தை லேசாகத் திருப்பிச் சரிசெய்தேன்.

ஆனால் ஒவ்வொரு கேமராவுக்கும் ஃபோகஸைத் தனித்தனியாகத்தான் வைத்திருப்பார்கள், ஒன்றைப் பார்த்து ஒன்றில் அப்படியே எழுதிவிட முடியாது. ஃபிலிம் போட்டுத்தான் பார்க்க வேண்டும். காகிதத்தில் பாகைமானி ஒன்றை அச்சடித்து, நடுவில் ஓட்டை போட்டு, லென்ஸைச் சுற்றி ஒட்டினேன். ஃபோகஸ் வளையம் இல்லாமல், மொட்டைக் கண்ணாடியோடு, கேமராவை ஸ்டாண்டில் வைத்துத் தமா ஆற்றங்கரைக்குப் போனேன். சூரியன் விழுந்து இருபது நிமிஷம் கழித்து, எஃப் 2.8-ல். பகலில் சிறிய துளையில் எடுத்தால் எல்லாமே கூர்மையாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். அக்கரைக் கட்டடங்களின் உச்சியில் விமானங்களுக்காக எரியும் சிவப்பு விளக்குகள்தான் குறி. அளந்த இடத்தில் இரண்டு படம், 5 பாகை உள்ளே இரண்டு, 10 பாகை உள்ளே இரண்டு, அதே மாதிரி வெளியே. மொத்தம் பத்து. எதை எங்கே எடுத்தேன் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன், இந்தத் தடவை பேனாவால். நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பெரிய வேலைதான்" என்று சொல்லிப் போனார்.

ஸ்கேன் வந்ததும் விளக்குப் புள்ளிகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். 10 பாகை வெளியே எடுத்ததில் விளக்கு பட்டாணி மாதிரி ஊதியிருந்தது. 5 பாகை உள்ளே எடுத்ததில் குண்டூசித் தலை. அங்கேயே வைத்து, மலைப் படம் தடையில் முட்டும் இடத்தில் வளையத்தை மாட்டி, மூன்று திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு திருகை மட்டும் முழுக்க இறுக்கினால் வளையம் சாய்ந்துகொள்ளும். அதற்கடுத்த ரோலில் வந்ததுதான் பால்கனி எண்ணிய படம். வெயில் படங்களிலும் வானம் நீலமாக இருந்தது. 1 மீட்டரில் எடுத்த பூனை மட்டும் கொஞ்சம் மங்கல். பூனை நகர்ந்ததா நான் தூரத்தைத் தப்பாகக் கணித்தேனா என்று சண்டை போட ஆள் இல்லை, இதில் தூரத்தைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும்.

செலவுக் கணக்கு மனைவி கேட்டதால் போட்டேன். இரண்டு கேமரா 3,850, நண்டுக்கண் 1,980, ஸ்க்ரூட்ரைவர் 880, பென்சின் 600, பஞ்சுத் தாள் 700. ஆகக் கருவியும் சாமானும் 8,010 யென். மூன்று ரோல் ஃபிலிம், கழுவி ஸ்கேன் எடுத்தது எல்லாம் சேர்த்து 10,800. மொத்தம் 18,810. சரிபார்த்து உத்தரவாதத்தோடு விற்கும் டிரிப்பையே இந்தப் பணத்துக்கு வாங்கியிருக்கலாம் என்றாள். உண்மைதான். கம்பெனியே 2021-ல் கேமரா தொழிலை ஓஎம் டிஜிட்டல் என்று பிரித்துக் கைமாற்றிவிட்டு எண்டோஸ்கோப் பக்கம் போய்விட்டது, நீங்கள் மட்டும் ஏன் கட்டி அழுகிறீர்கள் என்றும் கேட்டாள். வயிற்றுக்குள் விடும் கேமராவை 1950-லேயே செய்தவர்கள் அவர்கள், அது புதிய தொழில் இல்லை என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த தடவை முதல் நாளே ஃபோன் வீடியோதான், செல்லைக் குறை சொல்வதற்கு முன். பின்கண்ணாடியை முதலில் எடுப்பேன். அது அடிவரை இறுகும் வளையம், ஃபோகஸைக் கெடுக்காது. அங்கிருந்தே இலைகள் சுத்தமாகிவிட்டால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். தொட்டே ஆக வேண்டுமென்றால், கழற்றுவதற்கு முன் வெர்னியரில் ஓர் அளவு, ஃபோனில் நேர் மேலிருந்து ஒரு படம், தையல் ஊசியால் பித்தளையில் ஒரு கீறல். மரையிலிருந்து கண்ணாடி விடுபடும் நொடியில் இன்னொரு கீறல்.

இரண்டாவது டிரிப்பின் இலைகளும் ஒட்டித்தான் இருக்கின்றன, வீடியோவில் பார்த்துவிட்டேன். கீறல் போடத் தையல் ஊசி எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வெளியே ஜூன் மழை, அறையெல்லாம் ஈரக்காற்று. மழை விடட்டும்.